அழகுக்காக நாற்பது சென்டி

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. ஒன்பது வருடமாக இந்த மூன்று நேரமும் தவறாமல் என் மேஜை மேலிருக்கும் டெலிபோன் அடிக்கும். எடுத்தால் நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. ஒரு பெண்குரல் நேராக நம்பர் சொல்லும். "மூணு புள்ளி நாலு ஏழு." நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கமிருந்து "சரி" என்று வரும். அந்தச் 'சரி' காதில் விழுந்த பிறகுதான் ரிஜிஸ்டரில் பேனா வைக்கலாம். ஒருநாள் அவசரத்தில் திருப்பிச் சொன்னதும் போனை வைத்துவிட்டேன். அடுத்த நொடியே மறுபடி அடித்தது.

"நான் சரின்னு சொன்னேனா?"

"இல்லக்கா."

"அப்புறம் எப்படி வச்சே? திருப்பிச் சொல்லு."

அதுதான் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. நான் மேட்டுக்குப் பக்கத்தில் பம்ப் ஹவுஸில் இருக்கிறேன். அவர் ஆறு மைல் தள்ளி, பாலத்தடியில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஆற்றின் உயரத்தைப் படிப்பவர். பாலத்துத் தூணில் ஓர் அளவுப் பலகை அடித்திருக்கும். பள்ளிக்கூட ஸ்கேலை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் நம்பர். ஆபீஸில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற நேரமெல்லாம் 'புள்ளி'. புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்தை உயிரே போனாலும் விடமாட்டார் என்பதால் வந்த பெயர்.

அந்த நம்பரால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆற்றுத் தண்ணீரை நான்கு பெரிய பம்புகள் மேட்டுக்கு ஏற்றும். மேட்டைக் குடைந்த சுரங்கம் வழியாக அது அந்தப் பக்கத்து ஆற்றில் போய் விழும். அங்கே ஒரு பெரிய நகரம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அந்த ஜனங்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் தாகம்தான். ஆனால் ஓர் ஆற்றின் தண்ணீரை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆற்று மட்டம் மூன்று புள்ளி இரண்டு பூஜ்யம் மீட்டருக்கு மேல் நின்றால் மட்டும், மிஞ்சியதை எடுக்கலாம். கீழே போனால் அத்தனை பம்பையும் நிறுத்த வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள தண்ணீர் கடல்வரைக்கும் உள்ள ஊர்களின் பங்கு. இதில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். கோட்டைப் பார்த்துச் சொல்வது அக்கா, பித்தானை அழுத்துவது நான்.

இந்த வேலைக்கு வருமுன் அக்கா ஒரு தானியக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தார். காலையில் போனதும் முதல் வேலையாக எடைக்கல்லைத் தராசில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் மூட்டையைத் தொடுவார். அது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் தராசு மூட்டைக்கு முக்கால் கிலோ ஏப்பம் விடுகிறது என்று வாங்க வந்தவர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் வேலை இல்லை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தங்கையை வளர்த்ததும் படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து கொடுத்ததும் இவர்தான். தனக்கு ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "நம்மகூடக் குடித்தனம் பண்ண எவனுக்குப்பா பொறுமை?" என்று சிரிப்பார்.

ஆற்றில் பெருவெள்ளம் வந்து பழைய தூணையும் பலகையையும் அடித்துக்கொண்டு போன வருடம், புதுத் தூண் கட்டி, புதுப் பலகை அடித்து, புது ஆளாக அக்காவையும் போட்டார்கள். பழைய பலகையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோடையில் ஆறு இறங்கிக்கொண்டே வந்தது. அன்று காலை நம்பர் மூன்று புள்ளி ஒன்று எட்டு. நான் திருப்பிச் சொன்னேன், "சரி" வந்தது, பம்பை நிறுத்தினேன். அரை மணியில் எங்கள் பெரிய இன்ஜினியர் கொட்டகைக்கே போய் நின்றுவிட்டார்.

"ஏம்மா, ரெண்டே ரெண்டு சென்டி. அலை அடிச்சா ஏறும், இறங்கும். ரெண்டு பூஜ்யம்னு போட்டா என்ன கொறஞ்சா போயிடும்?"

"அலை அடங்கினப்புறம்தான் சார் பாத்தேன்."

"அந்தப் பக்கம் ஒரு ஊரே தண்ணிக்கு நிக்குதும்மா."

"இந்தப் பக்கமும் ஊரு இருக்கு சார்."

பதினோரு நாள் பம்ப் ஓடவில்லை. அந்தப் பதினோரு நாளும் என் காது கொய்ங் என்று இருந்தது, சத்தம் இல்லாத பம்ப் ஹவுஸில் எனக்கு உட்காரத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் மேலே எங்கோ மழை பெய்து மூன்று புள்ளி இரண்டு மூன்று வந்தது. அந்தப் பதினோரு நாளில்தான் இன்ஜினியர் கோபத்தில் 'புள்ளி' என்று பெயர் வைத்தார். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். அந்தக் கோபத்தையே பிறகு காசாக்கிக்கொண்டார். கீழே இருந்து யாராவது தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுத்தால், "எங்க அளவுக்காரம்மா ரெண்டு சென்டிக்கே பம்பை நிறுத்தினவங்க. அவங்க எழுதின ரிஜிஸ்டரையா சந்தேகப்படறீங்க?" என்பார். வந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். எதிர்த்து நின்றவளின் நாணயத்தையே எடுத்து ஊர் வாயை மூடினார் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாயடைப்பில் ஒன்று அக்காவின் சொந்த வீட்டிலேயே நடந்தது. தங்கையைக் கொடுத்திருந்தது ஆறு கடலில் சேரும் ஊரில். அவள் அங்கே சலவைக் கடை வைத்திருக்கிறாள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறும், கிணறும் குழாயும் உப்பாகும். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்தாள். அன்று ரிஜிஸ்டர் வாங்கிக்கொண்டு போக நானும் வந்திருந்தேன்.

"குடிச்சுப் பாருக்கா. உப்பு. வெள்ளை வேட்டி எல்லாம் வெறப்பா, பழுப்பா வருது. மெஷின் குழாய் முழுக்க உப்புப் பொறுக்கு. உங்க ஆளுங்க தண்ணியைத் திருடறாங்க."

"ஆத்துல மூணு புள்ளி நாலு ரெண்டு நிக்குதுடி. நான் என் கண்ணால பாத்தேன். உங்க ஊர்க் குழாயில எங்கயாவது ஓட்டை இருக்கும், அதைப் பாருங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பலகை பொய் சொல்லாது."

தங்கை பாட்டிலை மேஜையில் வைத்தாள். "எனக்கு வாயில உப்புக் கரிக்குது, நீ நம்பரைப் படிக்கறே. உன் நம்பரை நீயே வச்சுக் குடி" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அதற்குப் பிறகு போன் இல்லை, போக்குவரத்து இல்லை. அந்த பாட்டிலை அக்கா குடித்தும் பார்க்கவில்லை, கொட்டவும் இல்லை. கொட்டகை ஜன்னலில் அப்படியே இருந்தது.

போன வருடம் இரண்டாவது சுரங்கம் தோண்டப் போகிறோம் என்றார்கள். முதல் சுரங்கம் போதவில்லையாம். ஒன்பது வருட ரிஜிஸ்டரைப் பார்த்தால் ஆற்றில் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் மிஞ்சுகிறதாம். அதை விசாரித்து அனுமதி கொடுக்க ஒரு குழு உட்காரப் போகிறது, அக்கா அங்கே வந்து சாட்சி சொல்ல வேண்டும். இன்ஜினியர் முன்கூட்டியே பாடம் நடத்தினார். "மூணே கேள்விதாம்மா. நீங்க பாத்தீங்களா? ஆமாம். நீங்க எழுதினீங்களா? ஆமாம். இது உங்க கையெழுத்தா? ஆமாம். முடிஞ்சுது. எல்லாம் உண்மைதானே?" எல்லாம் உண்மைதான்.

புதுச் சுரங்கத்துக்கு மட்டம் எடுக்க ஒரு சர்வேயர் வந்தார். சின்ன வயசு, வேலையில் மட்டும் கவனம். கரையில் பழைய பாலத்தின் கல்தூண் ஒன்று மொட்டையாக நிற்கிறது. அதில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கும். பலகையின் பூஜ்யம் அந்தக் குமிழுக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்று அவர் கையில் இருந்த பழைய தாளில் கணக்கு இருந்தது. அக்காதான் அவருக்குக் கோல் பிடித்தார். அவர் கருவியில் கண் வைத்துப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"மேடம், உங்க பலகை எறங்கி நிக்குது."

"எவ்ளோ?"

"நாப்பது சென்டி."

அக்கா மூன்று தடவை திரும்ப எடுக்கச் சொன்னார். மூன்று தடவையும் நாற்பது.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலகையை நாற்பது சென்டி கீழே இறக்கி அடித்தால், அதே தண்ணீர் நாற்பது சென்டி அதிகமாகக் காட்டும். பலகை மூன்று புள்ளி இரண்டு என்று சொன்னால் ஆறு உண்மையில் இரண்டு புள்ளி எட்டில் கிடக்கிறது. ஒன்பது வருடமாக மிச்சம் மிச்சம் என்று நாங்கள் மேடேற்றியதில் பெரும்பகுதி மிச்சமே இல்லை. கீழே இருந்தவர்களின் பங்கு.

அன்று மாலை ஆறு மணி போனில் நம்பர் வந்தது, நான் திருப்பிச் சொன்னேன், 'சரி' வரவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"கடுகு போன இடத்தை ஆராய்ஞ்சேன் தம்பி. பூசணிக்காய் போன இடம் தெரியல. கிடங்குல தினம் எடைக்கல்லை வச்சுப் பாத்தவதானே நான்? இங்க ஒருநாள்கூட அந்தக் குமிழ் என்னன்னு கேக்கலியே. என் தங்கச்சியைப் பொய்க்காரின்னு சொன்னேனே."

மறுநாள் அக்கா ஆபீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இன்ஜினியர் காபி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுப் பதறுவார் என்று நினைத்தேன். மனிதர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஓ, அதுவா? அப்ப நான் ஜூனியர். மறுநாள் திறப்பு விழா. தூண்ல வெள்ளைக் கோடு ஒண்ணு அடிச்சிருந்தோம், பலகை அதுக்கு மேல நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. கோட்டோட சேத்து அடிங்கடான்னேன். போட்டோவுல நல்லா வந்துச்சு."

போட்டோவில் நல்லா வந்ததாம்! எங்கோ ஒரு கிணறு உப்பாகிப் போனது, அக்கா தங்கை பேச்சு நின்று போனது, ஓர் ஊரே பொய்க்கார ஊர் என்று பெயர் வாங்கியது. இவருக்குக் கோடு கோணாமல் இருந்தது.

"மாத்திடலாம் சார்" என்றார் அக்கா.

"எப்படிம்மா மாத்தறது? ஒப்பந்தத்துல என்ன இருக்கு? 'பாலத்தில் உள்ள பலகையின்படி'. அந்தப் பலகைதான் இது. அது எங்க நின்னாலும் அதுதான் சட்டம். அடுத்த மாசம் விசாரணை. இப்பப் போய் ஒன்பது வருஷ அளவும் தப்புன்னு யாராவது சொல்லுவாங்களா? நீங்க மூணு ஆமாம் சொல்லிட்டு வாங்க, போதும்."

வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள். இங்கே மேய்ந்தது மட்டுமில்லை, மேய்வதற்கு ஒப்பந்தமும் காட்டியது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"ரெண்டு புள்ளி எட்டு ஆறு."

அப்படி ஒரு நம்பரை ஒன்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"பலகையில மூணு புள்ளி ரெண்டு ஆறு காட்டுது. நாப்பதைக் கழிச்சிட்டேன். ரெண்டையும் ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன். திருப்பிச் சொல்லு தம்பி."

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயம்தான். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், மாமனார் வேறு. திருப்பிச் சொன்னால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடம் மேடேறிய தண்ணீர் என் ஒரு விரலால் ஏறியது. அது எனக்குக் கோபமாக வந்தது, அவமானமாகவும் வந்தது.

"ரெண்டு புள்ளி எட்டு ஆறு" என்றேன்.

"சரி."

நான்கு பம்பையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. பதினொரு மணிக்குப் பம்ப் மறுபடி ஓடியது, வேறொரு ஆள் கையால். மூன்றாம் நாள் எங்கள் இருவருக்கும் மெமோ. எனக்கு, அனுமதியின்றிப் பம்பை நிறுத்தியதற்கு. அக்காவுக்கு வந்ததுதான் விசேஷம். உண்மை அளவைச் சொன்னதற்காக அவரைத் தண்டிக்க முடியாதில்லையா? அதனால் யோசித்து, யோசித்து, இப்படி எழுதியிருந்தார்கள்: 'பலகை நாற்பது சென்டிமீட்டர் இறங்கியிருப்பதைக் கவனிக்கத் தவறி, ஒன்பது ஆண்டுகளாக ஆற்று மட்டத்தைத் தவறாகப் பதிவு செய்து வந்தமைக்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' கீழே பெரிய இன்ஜினியரின் கையெழுத்து, பச்சை மையில். இறக்கி அடிக்கச் சொன்ன அதே கை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நான் கத்தினேன். ஆபீஸுக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கப் போகிறேன் என்றேன். அக்கா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மெமோவைப் பலகை படிப்பதுபோலக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை படித்தார். பிறகு சிரித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எழுதினவங்களே படிக்கலப்பா."

"என்னக்கா?"

"ஒன்பது வருஷ அளவு தப்புன்னு யாராவது சொல்லுவாங்களான்னு கேட்டாரே. சொல்லிட்டாரு. நம்பரோட. கையெழுத்துப் போட்டு."

நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் ஆபீஸுக்கு வாய்கூட வேண்டாம், மெமோ போதும்.

அன்றே பஸ் பிடித்துத் தங்கை ஊருக்குப் போனோம். அக்காவின் பையில் மெமோவும், ஜன்னலில் இருந்த அந்தப் பழைய பாட்டிலும். தங்கை கடையில் துணி பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி துணிப் பக்கம் குனிந்துகொண்டாள். அக்கா நேராக உள்ளே போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, நின்றபடியே மடக்கென்று பாதி குடித்துவிட்டார். முகம் சுளித்துப் போயிற்று.

"உப்புடி."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"நான்தான்டி தப்பு. நீ சொன்னது நிஜம். நாப்பது சென்டி."

தங்கைக்கு நாற்பதும் புரியவில்லை, சென்டியும் புரியவில்லை. அக்கா மிச்சத்தையும் குடிக்கப் போனதைப் பார்த்துக் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள். "லூசு, அதைப் போய்க் குடிப்பாங்களா? துப்பு முதல்ல" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் இருவரும் அழுததை நான் ஏன் விவரிக்க வேண்டும். நான் வெளியே வந்து நின்றேன். வாசலில் வெளுத்துத் தேய்த்த ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. அந்த ஊருக்காக விசாரணையில் வாதாடும் வக்கீலுடையது. சாயங்காலம் கோட்டை வாங்க வந்தவர், கோட்டோடு மெமோவின் நகலையும் வாங்கிக்கொண்டு போனார்.

விசாரணை ஒரு நீளமான ஹாலில் நடந்தது. மேலே இரண்டு மின்விசிறி, ஒன்று ஓடவில்லை. குழுவின் தலைவி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. இறுதியில் வந்த உத்தரவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது சுரங்கம் கிடையாது, பலகையை எடுத்துச் சரியான இடத்தில் அடிக்கும்வரை ஒரு பம்பும் ஓடக் கூடாது. நல்ல உத்தரவுதான். ஆனால் போன தண்ணீர் போனதுதானே? அதை மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து யார் திருப்பிக் கொண்டுவருவார்கள்? அதைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. இறக்கி அடிக்கச் சொன்னவருக்கு இன்றுவரை ஒரு மெமோ போகவில்லை. எங்கள் இரண்டு மெமோவும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அதனால் எனக்கு உத்தரவைவிட, அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததுதான் பெரிது. நானும் அக்காவும் தங்கையும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்காவைக் கூப்பிட்டு மூன்று ஆமாம் வாங்குவதற்கு முன்பே வக்கீல் எழுந்து மெமோவைக் கொடுத்துவிட்டார். தலைவி அதைப் படித்தார். பெரிய இன்ஜினியரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இதை நீங்க பாத்தீங்களா?"

"ஆமாம்."

"நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"இது உங்க கையெழுத்தா?"

அவர் அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்."

"பலகை எவ்வளவு எறங்கியிருக்கு? வாயால சொல்லுங்க, பதிவாகணும்."

"நாப்பது..." என்று ஏதோ தொண்டைக்குள் முனகினார்.

தலைவி குனிந்து எழுதத் தயாராகி, சரியாகக் கேட்டோமா என்பதற்காகத் திருப்பிச் சொன்னார்.

"நாற்பது சென்டிமீட்டர்."

பின் பெஞ்சிலிருந்து, கணீரென்று, ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது.

"சரி."

என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது.